நீர் வந்து போகும் வழி

சிதம்பரத்திலிருந்து கிழக்கு நோக்கி, நெல் வயல்களையும் வாய்க்கால்களையும் கடந்து ஏறக்குறையப் பதினைந்து கிலோமீட்டர் சென்றால், நிலம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று வரையறுத்துச் சொல்ல இயலாத ஒரு பிரதேசத்தை அடைகிறோம். வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் வங்கக் கடலில் சங்கமிக்கும் இரு முகத்துவாரங்களுக்கு நடுவே, ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு திட்டுகளாகவும் அவற்றைச் சுற்றியோடும் எண்ணற்ற கழிகளாகவும் கிடக்கிறது பிச்சாவரம். அங்கே படகேறி, தலைக்கு மேல் கிளைகள் கவிந்து பட்டப்பகலையும் அந்திப் பொழுதாக்கும் குறுகிய நீர்வழிகளில் செல்வோர், இரு கரையிலும் மதில்போல் எழுந்து நிற்கும் பசுமையைக் கண்டு, பல கால்களை ஊன்றிக்கொண்டு நீருக்குள் இறங்கி நிற்பனபோல் தோன்றும் மரங்களின் விசித்திரத்தை வியந்து, இப்படியொரு செழித்த வனம் தமிழகக் கரையில் எஞ்சியிருக்கிறதே என்று மகிழ்ந்து திரும்புவது வழக்கம். 1975ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இதயக்கனி’ திரைப்படத்தில் இந்தக் கழிகளைக் கண்ட தலைமுறைக்கு அந்த மகிழ்ச்சி இன்னும் நெருக்கமானது.

ஆனால் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, படகை விட்டிறங்கி, முழங்காலளவு சேற்றில் கால் புதைய அந்தப் பசுமை மதிலைத் துளைத்துக்கொண்டு உட்புறம் நடந்து சென்ற ஆராய்ச்சியாளர்கள் கண்ட காட்சி வேறு. கழியோரத்தில் மரங்கள் அடர்ந்திருந்தன. சிறிது தூரம் உள்ளே சென்றதும் அவை குட்டையாயின. அதற்கும் அப்பால் மரமே இல்லாத வெட்டவெளி, உப்புப் பூத்து வெளுத்த தரை, ஆங்காங்கே செந்நிறமேறிய உமரிச் செடிகள், வேறொன்றுமில்லை. கரையோரத்து மரங்கள் ஆண்டுதோறும் உதிர்க்கும் வித்துகள் ஓதத்தோடு மிதந்து அந்த வெளிக்கும் வந்து சேரத்தான் செய்தன. சேறும் அங்கே இருந்தது. உப்பு நீரும் இருந்தது. ஒரு கண்டல் மரத்துக்கு வேண்டியவையெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அங்கே ஒரு கன்றும் தலையெடுக்காமல் போனதன் காரணம் என்ன? இந்த ஒரு வினாவுக்கு விடை தேடிய வரலாறு, கடற்கரைகளைப் பற்றிய விஞ்ஞானம் எவ்வாறு நடைபெறுகிறது, எங்கே தடுமாறுகிறது, எங்கே தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது என்பதையெல்லாம் ஒருங்கே காட்டவல்லது.

முதலில் இந்த மரங்களின் சுபாவத்தை அறிந்துகொள்ள வேண்டும். நிலத்தில் வாழும் மற்ற விருட்சங்களுக்கு நஞ்சாகும் உப்பிலும், வேருக்குச் சுவாசம் கிடைக்காத சேற்றிலும் உயிர் வாழ்வதற்கென்று, கண்டல் இனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி உபாயம் கொண்டிருக்கின்றன. பிச்சாவரத்தில் கழியின் விளிம்பையே தன் இடமாகக் கொண்ட சுரபுன்னை, தண்டின் நடுவிலிருந்தும் கிளைகளிலிருந்தும் வில்போல் வளைந்த தாங்குவேர்களை இறக்கி, இளகிய சேற்றில் சாயாமல் நிற்கிறது. நீரை உறிஞ்சும்போதே உப்பின் பெரும்பகுதியை வேரின் வாயிலிலேயே வடித்து நிறுத்திவிடுகிறது. அதற்குப் பின்வரிசையில் வளரும் வெண்கண்டலோ உப்பை உள்ளே வரவிட்டு, இலைகளிலுள்ள நுண்ணிய சுரப்பிகள் வழியே அதை வெளியேற்றுகிறது. கோடையில் அதன் இலையைத் தடவிப் பார்த்தால் விரலில் உப்புப் படியும். அந்த மரத்தைச் சுற்றி, தரையைப் பிளந்துகொண்டு நூற்றுக்கணக்கில் மேல்நோக்கி நிற்கும் விரலளவான குச்சிகள், சேற்றுக்கு மேலே நீட்டிய மூக்குகள் போன்ற சுவாச வேர்கள். இவற்றோடு, ஒடித்தால் கண்ணுக்குத் தீங்கு செய்யும் பாலை வடிக்கும் தில்லை மரமும் இங்கே உண்டு. சிதம்பரத்தின் பழம்பெயருக்கும் அதன் கோயிலின் தல விருட்சத்துக்கும் உரிய மரம் இதுவே என்பதை நினைக்கும்போது, இந்தக் காடு நம் மரபுக்கு எவ்வளவு அணுக்கமானது என்பது விளங்கும்.

சுரபுன்னையின் இனவிருத்தியோ இன்னும் விநோதமானது. அதன் வித்து மரத்திலிருந்து விழுந்த பிறகு முளைப்பதில்லை. தாய்மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கையிலேயே முளைவிட்டு, முருங்கைக்காய்போல் நீண்டு, வளர்ந்த கன்றாகவே கீழே விழுகிறது. நீர் வற்றியிருந்தால் சேற்றில் ஊன்றிக்கொள்ளும். நீர் நிறைந்திருந்தால் மிதந்து வேறிடம் செல்லும். இத்தனை சாமர்த்தியங்களும் ஒரே ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை. வங்கக் கடலில் நாளைக்கு இருமுறை ஓதம் ஏறி இருமுறை வற்றுகிறது. நம் கரையில் இதன் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவே ஆயினும், அந்தச் சிறிய ஏற்றவற்றமே இக்காட்டின் உயிர்மூச்சு. ஏறும் நீர் ஈரத்தையும் வண்டலையும் கொண்டுவருகிறது. வற்றும் நீர், தேங்கிய உப்பையும் அழுகலில் பிறந்த நஞ்சையும் வாரிக்கொண்டு போகிறது. நீர் வருவது எவ்வளவு அவசியமோ, அது திரும்பிப் போவதும் அவ்வளவே அவசியம்.

இவ்வாறு நீர் வந்து போகும் காட்டை அண்டி வாழும் ஜீவராசிகள் பல. உதிரும் இலைகளை நண்டுகள் வளைக்குள் இழுத்துச் சென்று கிழித்துத் தின்கின்றன. எஞ்சியதை நுண்ணுயிர்கள் மக்கவைக்கின்றன. அந்த மக்கல் இறால் குஞ்சுகளுக்கும் மீன் குஞ்சுகளுக்கும் ஆகாரமாகிறது. கடலில் பிறந்து, பகைவர் புகமுடியாத வேர்ச் சிக்கலுக்குள் குழந்தைப் பருவத்தைக் கழித்து, மீண்டும் கடலுக்கே திரும்பும் இறாலுக்கு இக்கழிகள் வளர்ப்புத் தொட்டில்கள். வலையும் படகும் இல்லாமல், இடுப்பளவு நீரில் தவழ்ந்து, வேர்களுக்கிடையே கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களைப் பிச்சாவரத்தில் இன்றும் காணலாம். நீரின் உப்பு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, இறால் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கும் என்பதெல்லாம் அவர்களுடைய விரல்களுக்குத் தெரியும். ஆராய்ச்சிக் கருவிகள் இங்கே வந்து சேர்வதற்கு நெடுநாள் முன்பே இக்கழிகளை அளந்தறிந்த கைகள் அவை.

கருவிகளோடு வந்தவர்களும் காலத்தால் பிந்தியவர்கள் அல்லர். வெள்ளாற்றின் முகத்துவாரத்திலுள்ள பரங்கிப்பேட்டையில், பேராசிரியர் ஆர். வி. சேஷய்யா அவர்களின் முயற்சியால் உருவாகிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம், சென்ற நூற்றாண்டின் அறுபதுகளிலிருந்தே இக்கரையின் நீரையும் சேற்றையும் மீனையும் நுண்ணுயிரையும் இடைவிடாமல் ஆராய்ந்து வருகிறது. மழைக்காலத்தில் ஏறத்தாழ நன்னீராகிவிடும் கழி, கோடையில் கடலுக்கு நிகரான உப்பை எவ்வாறு அடைகிறது என்பதைப் பருவந்தோறும் குறித்துவைத்த அந்தப் பொறுமையான வேலைக்கு விளம்பரம் கிடைப்பதில்லை. எனினும் ஒரு பிரதேசம் மாறிவிட்டது என்று சொல்வதற்கு, அது முன்பு எப்படியிருந்தது என்று எழுதிவைத்த ஒருவர் வேண்டுமன்றோ? இரு சுரபுன்னை இனங்கள் இயற்கையிலேயே கலந்து பிறந்த ஒரு புதிய கலப்பினத்தைப் பிச்சாவரத்தில் கண்டறிந்து, அதற்குப் பல்கலைக்கழகத்தின் பெயரையே ‘ரைசோஃபோரா அண்ணாமலையானா’ என்று சூட்டியவர், அந்நிலையத்தைச் சேர்ந்த பேராசிரியர் க. கதிரேசன் ஆவார்.

இனி, அந்த வெட்டவெளியின் கதைக்கு வருவோம். காடு அழிந்துவருவது கண்ணுக்குத் தெரிந்தபோது, அதற்குரிய குற்றவாளிகளைத் தேடுவதில் எவரும் சிரமப்படவில்லை. கரையோரத்துக் குடிகள் விறகுக்காக மரங்களை வெட்டுகிறார்கள், அவர்களுடைய மாடுகள் கன்றுகளை மேய்ந்துவிடுகின்றன என்பதே பரவலாக நிலவிய அபிப்பிராயம். ஏழையின் கையில் அரிவாள் இருக்கக் கண்டவர்கள் வேறு சாட்சி தேடமாட்டார்கள். காட்டைக் காப்பதென்றால் மனிதரை அதிலிருந்து விலக்குவது என்று பொருள்கொள்ளப்பட்டதற்கும் இந்த அபிப்பிராயமே அடிப்படையாயிற்று.

1988ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், வி. செல்வம் முதலியோர், தொண்ணூறுகளில் இப்பிரச்சினையைக் கையிலெடுத்தபோது, ஒரு சிறிய முரண்பாடு அவர்கள் கவனத்தை ஈர்த்தது. விறகு வெட்டுபவன் எளிதில் எட்டும் கழியோரத்து மரத்தையல்லவா முதலில் வெட்டுவான்? இங்கோ கழியோரம் செழித்திருக்க, எவரும் எளிதில் புகமுடியாத நடுப்பகுதி மொட்டையாகியிருந்தது. அவர்கள் தரையின் மேடுபள்ளத்தை அளந்தார்கள். மண்ணின் உப்பைச் சோதித்தார்கள். வனத்துறையின் பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். அங்கே விடை கிடைத்தது. பிரிட்டிஷார் காலந்தொட்டு எழுபதுகள் வரையில், இக்காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இருபது இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை முறைவைத்து, ஒரு பகுதியிலுள்ள மரங்கள் அனைத்தையும் ஒரே சமயத்தில் வெட்டியெடுப்பதே அரசாங்கத்தின் வன நிர்வாக முறையாக இருந்தது. வெட்டிய இடத்தில் காடு தானே மீண்டும் தழைத்துவிடும் என்பது அந்த முறையின் நம்பிக்கை. மேட்டுநிலக் காடுகளில் அந்த நம்பிக்கை ஓரளவு பலித்தது. சேற்றுநிலக் காட்டில் பலிக்கவில்லை.

பலிக்காததன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இக்கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கண்டல் காட்டின் மண் நாம் வயலில் காணும் மண்ணைப் போன்றதன்று. அதில் பெரும்பங்கு நீரும், நூற்றாண்டுகளாகச் சேர்ந்த வேர்களும் இலைகளும் ஆகிய தாவர மக்கும்தான். மரநிழலும் ஈரமும் இருக்கும்வரை, காற்றுப் புகாத அந்தச் சேற்றுக்குள் மக்கு சிதையாமல் சேமிக்கப்பட்டிருக்கும். இந்து-பசிபிக் பிரதேசத்தின் கண்டல் காடுகளை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, ஹெக்டேருக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,000 டன் கரிமம் இவற்றில் அடங்கியிருப்பதாகவும், அதில் பெரும்பகுதி மரத்தில் அன்று, மண்ணுக்குள்ளேயே இருப்பதாகவும் கணக்கிட்டது. மரங்களை முற்றாக வெட்டி, அந்த மண்ணை நேரே சூரிய வெப்பத்துக்குத் திறந்துவிட்டால் என்னாகும்? ஈரம் ஆவியாகிறது, மக்கு சிதைந்து காற்றோடு கலக்கிறது, அடியில் தாங்கியிருந்தவை இரண்டும் குறைந்துபோகவே, தரை மெல்ல அமுங்கி, நடுவில் குழிந்து, ஒரு பெரிய தாம்பாளம்போல் ஆகிவிடுகிறது. ஓதம் ஏறும்போது விளிம்பைத் தாண்டி நீர் உள்ளே வருகிறது. வற்றும்போது வந்த வழியே திரும்பமுடியாமல் தாம்பாளத்தில் தேங்கிவிடுகிறது. தேங்கிய நீர் கோடையில் ஆவியாக, உப்பு மட்டும் எஞ்சுகிறது. மறுநாளும் நீர் வருகிறது, மறுநாளும் உப்பு எஞ்சுகிறது. உப்பளம் கட்டுவோர் பாத்தி வகுத்து எதைச் செய்கிறார்களோ, அதையே எவரும் வகுக்காத பாத்தியில் இயற்கை செய்து முடித்தது. கடல்நீரைவிடப் பன்மடங்கு உப்பேறிய அந்தத் தரையில், மிதந்துவந்த கன்று எப்படிப் பிழைக்கும்?

இவ்வாறு காரணம் தெரிந்தபோது, பரிகாரமும் அந்தக் காரணத்துக்குள்ளேயே இருப்பது தெரிந்தது. மரம் நடுவதற்கு முன்னால், தேங்கிய நீருக்குப் போகும் வழி அமைக்க வேண்டும். இயற்கையான கழியிலிருந்து குழிந்த நிலத்தின் ஊடே ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகப் பிரிந்து செல்லும் கிளை வாய்க்கால்கள் என, வானிலிருந்து பார்த்தால் மீன் முள்ளைப்போல் தோன்றும் அமைப்பு ஒன்றை அவர்கள் வகுத்தார்கள். கரை சரிந்துவிடாதிருக்க வாய்க்காலின் மேற்புறத்தை அகலமாகவும் அடிப்புறத்தைக் குறுகலாகவும் வெட்டி, அந்தச் சரிவின் நடு உயரத்தில், நீரில் மூழ்கியே கிடக்காமலும் ஈரமின்றிக் காயாமலும் ஏற்றவற்றம் தொட்டுச் செல்லும் இடத்தில், கன்றுகளை நட்டார்கள். ஓதம் நாளைக்கு இருமுறை உள்ளே வந்து, நாளைக்கு இருமுறை வெளியே சென்றது. ஒவ்வொரு முறையும் சிறிது உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு போயிற்று. மழைக்காலத்து நன்னீர் மிச்சத்தைக் கழுவிற்று. மண்ணின் உப்புக் குறைந்தது. நட்ட கன்றுகளோடு, எவரும் நடாத கன்றுகளும் தாமே முளைத்தெழுந்தன.

இந்தப் பணி ஆராய்ச்சியாளர்களால் மட்டும் நடந்ததன்று. முன்பு குற்றவாளிகளாகக் கருதப்பட்ட அதே கரையோரக் கிராமங்களின் மக்கள், வனத்துறையோடும் விஞ்ஞானிகளோடும் சேர்ந்து கிராமக் குழுக்களாக அமர்ந்து, எங்கே வெட்டுவது, எங்கே நடுவது, எந்தப் பகுதியில் மாடுகளை விடாதிருப்பது என்பதையெல்லாம் தீர்மானித்தார்கள். வாய்க்கால் வெட்டியவர்களும் கன்று நட்டவர்களும் பெரும்பாலும் அவர்களே. விறகும் மேய்ச்சலும் காட்டுக்குத் தீங்கே செய்யவில்லை என்பதன்று; நோயின் வேர் அங்கே இல்லை என்பதே தெளிவாயிற்று. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இம்முறை தமிழகத்தின் முத்துப்பேட்டைக்கும், ஆந்திர, ஒரிசாக் கரைகளின் கழிமுகங்களுக்கும் பரவியது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, 1986க்கும் 2002க்கும் இடையில் பிச்சாவரத்தில் மரம் அடர்ந்த பரப்பு ஏறக்குறைய 90 விழுக்காடு அதிகரித்திருப்பதாகக் காட்டியது. விஞ்ஞான முறையென்று மதிக்கப்பட்ட ஒரு நிர்வாகம் செய்த பிழையை, விஞ்ஞானமே கண்டுபிடித்து ஒப்புக்கொண்டு திருத்தியது என்பதுதான் இதில் நாம் பெரிதும் மதிக்க வேண்டிய அம்சம்.

பிழையை ஒப்புக்கொள்ளும் இந்தக் குணத்துக்கு, அடுத்த சில ஆண்டுகளிலேயே வேறொரு வகையில் சோதனை வந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் எழுந்த ஆழிப்பேரலை, கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் கரையில் விளைத்த துயரத்தை இங்கே மீண்டும் எழுத வேண்டியதில்லை. அந்தத் துயரத்தின் நடுவே, கண்டல் காட்டின் பின்புறத்திலிருந்த கிராமங்கள் பெரும்பாலும் தப்பின என்ற செய்தி பரவியது. கதிரேசனும் என். ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டைக் கரையிலுள்ள பதினெட்டு மீனவக் குப்பங்களை ஆராய்ந்து, மரச்செறிவும், கடலிலிருந்து தூரமும், நிலத்தின் உயரமும் உயிர்ச்சேதத்தைக் குறைத்தன என்று 2005ஆம் ஆண்டில் எழுதினார்கள். அதே ஆண்டில், கடலூர் மாவட்டக் கரையின் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு டேனியல்சன் முதலிய பன்னாட்டு ஆய்வாளர்களும் அதையொத்த முடிவை வெளியிட்டார்கள். அலையை ஆற்றுவது ‘அலையாத்தி’ என்று மக்கள் சொல்லிவந்த பெயருக்கு விஞ்ஞானம் முத்திரையிட்டதாகவே எல்லாரும் கொண்டாடினார்கள்.

ஆனால் 2006ஆம் ஆண்டில் கெர், பேர்ட், காம்ப்பெல் என்னும் மூவர், அதே பதினெட்டுக் குப்பங்களின் அதே எண்களை எடுத்து மறுபடியும் கணக்கிட்டுப் பார்த்து, அதே சஞ்சிகையில் ஓர் ஆட்சேபத்தை எழுப்பினார்கள். காடு எங்கே வளர்கிறது? திறந்த கடலுக்கு நேர் எதிரே அலை மோதும் மணற்கரையிலன்று. கடலிலிருந்து உள்ளே தள்ளியுள்ள கழிகளின் மறைவில் வளர்கிறது. எனவே காட்டுக்குப் பின்னாலிருக்கும் ஊர், காடு இல்லாவிட்டாலும் கடலுக்குத் தொலைவில் இருக்கும் ஊரே. அப்படியானால் அந்த ஊரைக் காத்தது மரமா, தூரமா? தூரத்தையும் உயரத்தையும் முதலில் கணக்கில் சேர்த்துவிட்டால், மரங்களுக்கென்று தனியே சொல்லத்தக்க பங்கு இந்த எண்களிலிருந்து தேறவில்லை என்பது அவர்கள் வாதம். கேட்பதற்குக் கசப்பான வாதம்தான். ஆயினும் அதை எழுப்பியவர்கள் காட்டின் விரோதிகள் அல்லர். மரங்கள் காக்கும் என்று நம்பிக் கரையோரத்தில் ஒரு ஊரைக் குடியமர்த்திவிட்டு, பேரலை வருகிற நாளில் அந்த நம்பிக்கை பொய்த்தால் அதற்கு விலை கொடுப்பவர்கள் யார் என்பதே அவர்களுடைய கவலை.

இந்த விவாதத்திலிருந்து, முன்னைவிடத் தெளிந்த ஞானம் ஒன்று பிறந்தது. அலை என்பது ஒரே பொருளன்று. காற்றால் எழும் சாதாரண அலைகள் குறுகியவை. 100 மீட்டர் அகலமுள்ள கண்டல் காடு அவற்றின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கும் என்று பல இடங்களின் அளவீடுகளைத் தொகுத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். புயலின்போது மணிக்கணக்கில் ஏறும் கடல் மட்டத்தையோ, கிலோமீட்டருக்கு 5 முதல் 50 சென்டிமீட்டர் அளவே அது தணிக்கிறது. கிலோமீட்டர்க் கணக்கில் நீண்ட உடல்கொண்ட ஆழிப்பேரலையின் முன்னே, காட்டின் வல்லமை இடத்துக்கு இடம் வேறுபடும். 1999ஆம் ஆண்டில் ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயலைப் பற்றி, கேந்திரபாடா மாவட்டத்தின் சில நூறு கிராமங்களை எடுத்துக்கொண்டு, சௌதாமினி தாஸும் ஜெஃப்ரி வின்சென்டும் செய்த ஆராய்ச்சி 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. தூரம், உயரம், வறுமை முதலிய பிற காரணங்களையெல்லாம் கணக்கில் கழித்த பின்னரும், கடலுக்கும் ஊருக்கும் இடையே அகன்ற கண்டல் காடு இருந்த ஊர்களில் மரணம் குறைந்தது என்று அவர்கள் நிறுவினார்கள். கூடவே, அரசு முன்கூட்டி விடுத்த எச்சரிக்கை காடுகளைவிட அதிக உயிர்களைக் காத்தது என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். காட்டின் புகழை ஒரு படி குறைத்துச் சொல்லும் அந்த வாக்கியம், காட்டின்மேல் நமக்குள்ள நம்பிக்கையை உறுதிப்படுத்துகிறதே தவிரக் குலைக்கவில்லை. அளந்து சொல்லப்பட்ட புகழே நிலைக்கிறது.

இன்று விஞ்ஞானிகளின் கவலை பேரலையைவிட மெதுவான, ஆனால் ஓயாத வேறொரு அலையைப் பற்றியது. பூமி வெப்பமடைவதால் உலகக் கடல்மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. 2006 முதல் 2018 வரையிலான காலத்தில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது என்று பருவநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுக் குழு கூறுகிறது. இதற்குக் கண்டல் காட்டிடம் ஒரு விடை உண்டு. வேர்களுக்கிடையே வண்டலைப் பிடித்துவைத்தும், சொந்த வேர்களையே மண்ணுக்குள் சேர்த்தும், தான் நிற்கும் தரையைத் தானே உயர்த்திக்கொள்ளும் வித்தை அதற்குத் தெரியும். ஆனால் அந்த வித்தைக்கும் எல்லை இருக்கிறது. கடந்த பத்தாயிரம் ஆண்டுகளில் கடல் உயர்ந்தபோது உலகின் பல பாகங்களில் கண்டல் காடுகள் என்னவாயின என்பதை, ஆழத்திலிருந்து எடுத்த மண்ணின் சாட்சியங்களைக் கொண்டு ஆராய்ந்து, 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, உயர்வு ஆண்டுக்கு 6 மில்லிமீட்டரைத் தாண்டிய இடங்களில் அவை ஈடுகொடுக்க முடியாமல் போவது அநேகமாக நிச்சயம் என்று காண்கிறது.

ஈடுகொடுப்பதற்கு வேண்டிய வண்டல் கடலிலிருந்து மட்டும் வருவதன்று. ஆற்றிலிருந்தும் வர வேண்டும். இங்கேதான் பிச்சாவரத்தின் கதை மேற்கே திரும்பி, காவிரியின் நெடுந்தூரத்துக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய அணைகளும், 1934ஆம் ஆண்டில் எழுந்த மேட்டூர் அணையும், அவற்றுக்குப் பிறகு மேலே எழுந்த நீர்த்தேக்கங்களும் டெல்டாவை வளப்படுத்தின என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வளத்துக்கென்று நிறுத்தப்பட்ட ஒவ்வொரு படி நீரும், கழிமுகத்துக்கு வாராத நீர். அணைகளின் அடியில் தங்கிவிட்ட ஒவ்வொரு படி வண்டலும், காட்டின் அடியில் சேராத வண்டல். வெள்ளக் காலத்தில் மட்டும் நிரம்பிப் பாயும் கொள்ளிடம், ஆண்டின் மற்ற மாதங்களில் கடலுக்குக் கொடுப்பது சொற்பம். இதன் விளைவு காட்டின் முகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நன்னீரின் கலப்பை விரும்பும் இனங்கள் அருகிவிட, மிகுந்த உப்பையும் பொறுத்துக்கொள்ளும் வெண்கண்டல் ஒன்றே காட்டின் பெரும்பகுதியை ஆக்கிரமித்திருக்கிறது. செயற்கைக்கோளின் கண்ணுக்குப் பசுமை கூடியிருக்கிறது. அந்தப் பசுமைக்குள் இறங்கி மரங்களின் பெயரைக் கேட்டு எண்ணுகிறவருக்கு, பெயர்கள் குறைந்திருக்கின்றன. பரப்பு என்பதும் வளம் என்பதும் ஒன்றல்ல என்பதை நினைவூட்ட, வானத்துக் கருவிக்கு அருகே சேற்றில் நிற்கும் மனிதர் ஒருவர் எப்போதும் தேவைப்படுகிறார்.

2022ஆம் ஆண்டில் பிச்சாவரம், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அது மகிழ்ச்சிக்குரிய கௌரவம்; ஆனால் பட்டியலில் ஏறியதால் ஒரு வாய்க்காலும் தானாகத் தூர் நீங்கிக்கொள்வதில்லை. மீன்முள் வாய்க்கால்களை வெட்டியவர்கள் ஆரம்பத்திலிருந்தே அறிந்திருந்த சங்கடம் ஒன்று உண்டு. ஓதம் உள்ளே வரும்போது வண்டலையும் கொண்டுவருகிறது. சில ஆண்டுகளில் அது வாய்க்காலிலேயே படிந்து, நீர் வந்து போகும் வழியை மீண்டும் அடைத்துவிடுகிறது. அள்ளியெறியாவிட்டால் பழைய தாம்பாளம் மறுபடியும் உருவாகும். உயரும் கடலுக்கு முன்னால் காடு நிமிர்ந்து நிற்பதற்கு எந்த வண்டல் வேண்டியிருக்கிறதோ, அதே வண்டல்தான் வாய்க்காலுக்கு எமனாகவும் வருகிறது. ஓரிடத்தில் வேண்டியதும் மற்றோரிடத்தில் வேண்டாததுமான இந்தச் சேற்றை, எது எங்கே என்று பார்த்துப் பிரித்துவைப்பதற்குப் பட்டமும் பட்டியலும் உதவமாட்டா. ஓதம் வற்றிய வேளையில் வாய்க்காலில் இறங்கி, மண்வெட்டியால் அதை அள்ளிக் கரைமேல் போடும் ஆள் வேண்டும். சில ஆண்டு கழித்து மறுபடியும் அவர் இறங்க வேண்டும்.